அரிசி வீடு வரைக்கும் வருகிறது, அவள் தட்டு வரைக்கும் வருகிறதா?

கேள்வி இதுதான்: "ரேஷனில் அரிசி இலவசம், அரசுக் கிடங்குகளில் தானியம் நிரம்பிக் கிடக்கிறது, கேஸ் கொடுத்தாச்சு, பேங்க் கணக்கும் தொடங்கிக் கொடுத்தாச்சு. இன்னமும் இந்தியப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை என்றால், அது விழிப்புணர்வு இல்லாததால்தானே? பசி, பட்டினி என்று இப்போதும் ஏன் பேச வேண்டும்?" கேட்ட தம்பி உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டிருக்கிறார். அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

நான் தர்மபுரிப் பக்கம் கிராம சுகாதாரச் செவிலியராக 28 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எடை மிஷின், பிபி பார்க்கும் கருவி, மாத்திரைப் பை, பதிவேடு இவற்றைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக நடந்ததில் தெரிந்துகொண்டதும், பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததும், அப்புறம் நானாகத் தேடிப் படித்ததும்தான் இங்கே எழுதுவது. நேரடியான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாம் பசியைக் குடும்பக் கணக்கில் எடுக்கிறோம். கார்டு குடும்பத்துக்கு, வறுமைக்கோடு குடும்பத்துக்கு, மூட்டை குடும்பத்துக்கு. சோறு மட்டும் ஆள் ஆளாகத்தான் வயிற்றுக்குள் போகிறது. வீட்டு வாசலோடு கணக்கை நிறுத்திவிட்டால் உள்ளே யார் தட்டில் என்ன விழுந்தது என்று யாருக்கும் தெரியாது. பெண்ணின் பசி அந்தத் தெரியாத இடத்தில்தான் இருக்கிறது.

2019-21-ல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில், 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. 2015-16-ல் எடுத்த முந்தைய ஆய்வில் 53 சதவீதம். குறைய வேண்டியது ஏறியிருக்கிறது. அதே வயது ஆண்களில் 25 சதவீதம். விரல் நுனியில் குத்தி எடுக்கும் ரத்தத்தில் பார்ப்பதால் எண்ணிக்கை கொஞ்சம் கூடுதலாகக் காட்டுகிறது என்று ஒரு வாதம் உண்டு. சரி, குறைத்தே வைத்துக்கொள்ளுங்கள், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மாதிரிதானே குத்திப் பார்த்தார்கள், அந்த இடைவெளி எங்கே போகும்? மாதவிடாய், பிரசவம் என்று உடம்பு சார்ந்த காரணங்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மாதவிடாய் உலகத்துப் பெண்கள் எல்லோருக்கும் வருகிறது, இந்த அளவு சோகை எல்லா நாட்டிலும் இல்லை. நாட்டுக்குள்ளேயே பாருங்கள், கேரளத்தில் 36 சதவீதம், தமிழ்நாட்டில் 53. சத்துணவு, ரேஷன், தாய் சேய் நலம் என்று எல்லாவற்றிலும் முன்னால் நிற்கிற நம் மாநிலத்திலேயே பாதிக்கு மேல். வசதியான வீடுகளிலும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இருக்கிறது என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள், காசு இல்லாததை மட்டும் காரணமாகச் சொல்லித் தப்பிக்க முடியாது.

ஒரு வீட்டைச் சொல்கிறேன். மதியம் ஒன்றரை மணி இருக்கும். அந்த வீட்டு மருமகளுக்கு இரண்டாவது பிள்ளை, ஐந்தாம் மாதம். முந்தின மாதத்துக்கு எடை கூடவே இல்லை என்பதால் மறுபடி பார்க்கப் போயிருந்தேன். மாமியார் திண்ணையில் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே முட்டைக் குழம்பு வாசனை. பரவாயில்லையே, இன்றைக்கு நன்றாகத்தான் சாப்பிட்டிருப்பாள் என்று நினைத்தேன். "சாப்ட்டியாம்மா?" என்றேன். "சாப்ட்டேன் நர்சம்மா, முட்டக் கொழம்பு" என்றாள். நான் சட்டியை எட்டிப் பார்த்தேன். சோறு போட்டு வழித்த தடம் சட்டி முழுக்க இருந்தது, ஓரத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் ஒரே ஒரு முட்டை மூடி வைத்திருந்தது. மெதுவாகக் கேட்டேன், முட்டை எத்தனை போட்டாய் என்று. நாலு. மாமனாருக்கு ஒன்று, வீட்டுக்காரருக்கு ஒன்று, பையனுக்கு ஒன்று, மூடி வைத்திருப்பது கொழுந்தனுக்கு, சாயங்காலம் கம்பெனியிலிருந்து வருவான். "உனக்கு?" என்றதும் சிரித்துவிட்டு, "நான் கொழம்பு ஊத்திச் சாப்ட்டேனே" என்றாள்.

இதில் யாரும் கெட்டவர் இல்லை. நீ சாப்பிடாதே என்று அவளிடம் ஒருத்தரும் சொல்லவில்லை, அந்தப் புருஷன் குடிகாரனும் இல்லை. நாலு முட்டையைப் பங்கு போட்டவளே அவள்தான். அவள் கணக்கில் அவள் பெயரே வரவில்லை, அவ்வளவுதான். அன்றையிலிருந்து நான் கேள்வியை மாற்றிவிட்டேன். "என்ன சாப்பிட்டாய்" என்று கேட்டால் எல்லாப் பெண்களும் அன்றைக்கு வீட்டில் சமைத்ததைச் சொல்வார்கள், தன் வாய்க்குள் போனதைச் சொல்ல மாட்டார்கள். அதனால் எத்தனை பேருக்கு வடித்தாய், எத்தனை முட்டை, எத்தனை துண்டு மீன், யார் யாருக்குப் போட்டாய், யாருக்கு அப்புறம் நீ உட்கார்ந்தாய், நீ உட்காரும்போது பாத்திரத்தில் என்ன இருந்தது என்று ஒன்றொன்றாகக் கேட்க வேண்டும். கேட்கக் கேட்க அவர்களே ஒரு இடத்தில் பேச்சை நிறுத்திவிட்டு யோசிப்பதைப் பார்த்திருக்கிறேன். குழம்புச் சட்டியில் சோற்றைப் போட்டு வழித்துச் சாப்பிடுவது ருசி என்றுதான் நாமெல்லாம் சின்ன வயதில் நினைத்தோம், என் அம்மாவும் அப்படித்தான் சாப்பிட்டார்கள். அது ருசிக்காக அல்ல, வேறு எதுவும் மிஞ்சவில்லை என்பதால்தான் என்று எனக்குத் தெரிய முப்பது வயசாகிவிட்டது.

பெண்கள் தங்கள் பசியைச் சொல்ல மாட்டார்கள் என்பதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு, பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் இதைத் திரும்பத் திரும்ப எடுத்துச் சொல்லியிருக்கிறார். 1943 வங்கப் பஞ்சத்துக்கு அடுத்த வருஷம், கல்கத்தாவுக்குப் பக்கத்தில் சிங்கூர் என்ற இடத்தில் மனைவியை இழந்த ஆண்களிடமும் கணவனை இழந்த பெண்களிடமும் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்கள். உடம்பு சரியில்லை, சுமாராகத்தான் இருக்கிறது என்று சொன்ன ஆண்கள் 48.5 சதவீதம். பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் 2.5 சதவீதம். பஞ்சம் அடித்துப் போட்ட ஊரில், நம் சமூகத்தில் ஒரு கைம்பெண்ணுக்கு என்ன கிடைக்கும் என்று எல்லோருக்கும் தெரிந்த காலத்தில், அந்தப் பெண்கள் நல்லாத்தான் இருக்கோம் என்றார்கள். தன் உடம்பைப் பற்றிக் குறை சொல்லத் தனக்கு உரிமை இருக்கிறது என்ற நினைப்பே ஒருத்திக்கு வராமல் போய்விட்டால், கேள்வித்தாள் வைத்துக்கொண்டு போகிறவர் என்ன எழுத முடியும்? எண்பது வருஷம் ஆகிவிட்டது, எனக்கு இன்றும் அந்த எண் நெஞ்சை அடைக்கிறது.

சரி, உடம்பு கணக்குக்கு வருவோம். சாதாரணப் பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் குறையக் கூடாது, கர்ப்பிணிக்கு 11. ஏழுக்குக் கீழே போனால் கடும் சோகை, பிரசவத்தில் ரத்தப்போக்கு கொஞ்சம் கூடினாலே உயிருக்கு ஆபத்து. மாதாமாதம் போகும் ரத்தம், ஒரு பிள்ளைக்கும் அடுத்த பிள்ளைக்கும் இடைவெளி இல்லாத பிரசவம், செருப்பில்லாமல் வயலில் நடந்தால் ஏறும் கொக்கிப்புழு, இவை எல்லாம் ஒரு பக்கம் ரத்தத்தைக் குடித்துக்கொண்டே இருக்க, மறுபக்கம் உள்ளே போவது அரிசியும் புளித்தண்ணீரும். அரிசியில் இரும்புச்சத்து ரொம்பக் கொஞ்சம், கீரை பருப்பில் இருப்பதையும் உடம்பு முழுதாக எடுத்துக்கொள்ளாது, கறி, ஈரல், மீனில் இருப்பதுதான் நன்றாகச் சேரும், அந்தத் துண்டுகள் யார் தட்டுக்குப் போகின்றன என்று மேலே சொல்லிவிட்டேன். அப்புறம் டீ. காட்டு வேலைக்குப் போகும் பெண்கள் பதினோரு மணிப் பசியை டீயை வைத்துத்தான் அமத்துவார்கள், வெற்றிலை பாக்கும் அதற்குத்தான். சாப்பாட்டோடு குடிக்கும் டீ இருக்கிற கொஞ்சம் இரும்பையும் உடம்பில் சேர விடாது. பசியை அடக்கக் குடிப்பதே சோகையை வளர்க்கிறது.

மாத்திரை கொடுக்கிறார்களே என்பீர்கள். கொடுக்கிறோம், கர்ப்பிணிக்கு 180 நாள், தினம் ஒன்று. வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் சாமி படத்துக்குப் பின்னால் அட்டை அட்டையாக இருக்கும். "வெளிக்கி கறுப்பாப் போகுது, குமட்டுது நர்சம்மா" என்பார்கள். படித்தவர்கள் இதைக் கேட்டுவிட்டு, பார்த்தீர்களா அறியாமை என்று முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். இரும்பு மாத்திரை வெறும் வயிற்றில் போட்டால் யாருக்குமே குமட்டும். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் பத்து மணி வரை வேலை செய்கிறவளிடம் மாத்திரையை மட்டும் கொடுத்துவிட்டு, போடவில்லை என்று திட்டினால் அது என்ன நியாயம்? நானும் திட்டியிருக்கிறேன், ஆரம்பத்தில். அந்தப் பெண்களிடம் இப்போது மன்னிப்புக் கேட்க முடியாது என்பதுதான் வருத்தம்.

இந்தியாவில் ஒரு பெண் வீட்டிலேயே மிகக் குறைந்த மதிப்போடு இருக்கும் வயசும் பிள்ளை பெறும் வயசும் ஒன்றாக அமைந்துவிட்டன. உத்தரப்பிரதேசம், பீகார், ராஜஸ்தான் கிராமங்களில் புதிதாக வந்த மருமகள் முக்காடு போட்டுக்கொண்டு கடைசியில்தான் சாப்பிட வேண்டும். மாமனார் முன்னால் கட்டிலில்கூட உட்காரக் கூடாது. அங்கே இது எழுதப்படாத சட்டம், நம் பக்கம் கொஞ்சம் இளகியிருக்கிறது, போகவில்லை. டயான் காஃபி என்ற ஆய்வாளர் 2015-ல் வெளியிட்ட கணக்கில், இந்தியாவில் கர்ப்பம் ஆகும் நேரத்திலேயே எடை குறைவாக இருக்கும் பெண்கள் 42 சதவீதம், சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளில் 16.5 சதவீதம். அந்த நாடுகளில் பல நம்மைவிட ஏழை நாடுகள். அது 2005 வாக்கில் எடுத்த விவரங்களை வைத்துப் போட்ட கணக்கு, அதற்குப் பிறகு நம்மிடம் ஒல்லியான பெண்கள் குறைந்திருக்கிறார்கள் என்பது உண்மை, ஆனால் எலும்பும் தோலுமாக ஒரு பெண் கர்ப்பம் ஆனால் அவள் வயிற்றில் இருக்கும் பிள்ளை எடை குறைந்துதான் பிறக்கும். அதுவும் பெண்ணாகப் பிறந்து, அந்த வீட்டில் மூன்றாவது பெண்ணாகவும் இருந்துவிட்டால் அது வளரும் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சீமா ஜெயச்சந்திரனும் ரோகிணி பாண்டேயும் குழந்தைகளின் உயரத்தை வைத்துச் செய்த ஆய்வில், நம் நாட்டு முதல் பிள்ளைகள் ஆப்பிரிக்காவின் முதல் பிள்ளைகளைவிடக் குட்டையாக இல்லை. இரண்டாவதிலிருந்துதான் பின்தங்குகிறார்கள். ஆண் பிள்ளை மேல் இருக்கும் ஆசைதான் இதற்குப் பெரிய காரணம் என்கிறார்கள். பங்கு போடுவதில்தான் தவறு என்று எலும்பே சாட்சி சொல்கிறது.

இப்போது அரசு என்ன செய்தது, எது வேலை செய்தது என்று பார்ப்போம், ஏனென்றால் ஒன்றும் நடக்கவில்லை என்று சொன்னால் அது பொய். 2001-ல் ராஜஸ்தானில் தொடர் வறட்சி, ஜனங்கள் பட்டினி, அதே நேரத்தில் நாட்டின் கிடங்குகளில் ஐந்து கோடி டன்னுக்கு மேல் தானியம். மக்கள் சிவில் உரிமைக் கழகத்தினர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். அந்த வழக்கில் 2001 நவம்பர் 28 அன்று வந்த இடைக்கால உத்தரவில் ஒரு வரி இருந்தது: அரசு ஆரம்பப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் ஆரம்பப் பள்ளிகளிலும் சமைத்த சாப்பாடு போட வேண்டும். சமைத்த என்ற வார்த்தையைக் கவனியுங்கள். அதற்கு முன்னால் 1995-லிருந்தே மத்திய அரசுத் திட்டம் இருந்தது, ஆனால் பல மாநிலங்களில் பிள்ளைக்கு மாசம் 3 கிலோ கோதுமையோ அரிசியோ அளந்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். மூட்டையில் போன 3 கிலோ வீட்டுப் பானையில் கலந்துவிடும், அதில் அந்தப் பெண் பிள்ளைக்கு எவ்வளவு என்று யார் சொல்ல முடியும்? தட்டில் போட்ட சோறு அவளுடையது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பையனுக்கும் அதே கரண்டி, அதே அளவு, அவன் சாப்பிட்டு முடிக்கும் வரை அவள் காத்திருக்க வேண்டியதில்லை.

நமக்கு இது புதிதில்லை. 1956-ல் காமராஜர் காலத்தில் பெரிதாகத் தொடங்கியது, 1982 ஜூலையில் எம்ஜிஆர் அதைச் சத்துணவாக விரித்தார், சமையல் வேலைக்கு ஆள் எடுத்தபோது கைம்பெண்களுக்கும் கைவிடப்பட்ட பெண்களுக்கும் முன்னுரிமை கொடுத்தார்கள். அந்த ஒரு முடிவால் எத்தனை பெண்கள் யார் வீட்டு வாசலிலும் நிற்காமல் பிழைத்தார்கள் என்பதை எங்கள் ஊர்ப் பக்கம் வந்தால் நேரில் காட்டுவேன். இப்போது வாரத்தில் ஐந்து நாள் முட்டை. 2022 செப்டம்பரில் காலை உணவும் தொடங்கியிருக்கிறது. காலைச் சாப்பாடு ஏன் முக்கியம் என்றால், அம்மா விடியற்காலையில் பூப்பறிக்கவோ கம்பெனி வண்டிக்கோ ஓடும் வீடுகளில் பெண் பிள்ளைதான் தம்பியைக் கிளப்பி, அவனுக்கு ஊட்டி, தான் சும்மா பள்ளிக்கூடம் போகும். பிரேயரில் மயங்கி விழுவது பெரும்பாலும் அந்தப் பிள்ளைகள்தான்.

அப்படியானால் கர்ப்பிணிக்கும் தட்டில் போடலாமே என்று கேட்டால், போட்டிருக்கிறார்கள். தெலங்கானாவில் 2015-லிருந்து ஆரோக்கிய லட்சுமி என்று ஒரு திட்டம், அங்கன்வாடியில் கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் மதியம் ஒரு வேளை முழுச் சாப்பாடு, சோறு, பருப்பு, காய், முட்டை, 200 மில்லி பால். கர்நாடகத்தில் 2017 அக்டோபரில் மாத்ருபூர்ணா தொடங்கினார்கள், அதே யோசனைதான். இதில் உள்ள கஷ்டமும் எனக்குத் தெரியும். நிறைமாதக்காரி தினமும் நடந்து வர வேண்டும், கூலிக்குப் போகிறவளால் அந்த நேரத்துக்கு வர முடியாது, மலைப் பகுதிகளில் இது பெரிய புகாராகவே எழுந்தது. சில வீடுகளில் தெருவில் உட்கார்ந்து மருமகள் சாப்பிடுவதா என்று மாமனார் கௌரவம் பார்ப்பார், சில ஊர்களில் யார் சமைத்தது என்று சாதி பார்ப்பார்கள். ஆனாலும் நான் சத்துமாவுப் பாக்கெட்டையும் பார்த்திருக்கிறேன், அது வீட்டில் எல்லோருக்கும் உருண்டையாகப் பிடிக்கப்பட்டு இரண்டு நாளில் தீர்ந்துபோவதையும் பார்த்திருக்கிறேன். உட்கார வைத்துப் போடும் ஒரு வேளைச் சோற்றுக்கு ஈடு எதுவும் இல்லை என்றுதான் சொல்வேன்.

2013-ல் வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு நல்ல பிரிவு இருக்கிறது. பதினெட்டு வயது நிரம்பிய பெண்களில் மூத்தவர்தான் ரேஷன் கார்டில் குடும்பத் தலைவி. ஆளுக்கு மாதம் 5 கிலோ, இப்போது இலவசம், நாடு முழுக்க 80 கோடிப் பேர். இது இல்லாவிட்டால் கொரோனா காலத்தில் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. ஆனால் அரிசியும் கோதுமையும் வயிற்றை நிரப்பும், ரத்தத்தை ஊறவைக்காது. பருப்பும் எண்ணெயும் சேர்த்துக் கொடுக்கும் மாநிலங்கள் குறைவு, நம்மிடம் கிலோ 30 ரூபாய்க்குத் துவரம் பருப்பு வருகிறது, அது மாதக் கடைசி வரை வருவதில்லை. அதே சட்டத்தில் கர்ப்பிணிகளுக்கு 6,000 ரூபாய்க்குக் குறையாமல் என்று எழுதிவிட்டு, 2017-ல் திட்டம் வந்தபோது முதல் பிள்ளைக்கு மட்டும் 5,000 என்று சுருக்கிவிட்டார்கள். பின்னால் இரண்டாவது பெண் குழந்தையாக இருந்தால் 6,000 என்று சேர்த்தார்கள். பிறந்து அது பெண் என்று தெரிந்த பிறகு வரும் பணத்தில், வயிற்றில் சுமந்த மாதங்களில் அந்தத் தாய் என்ன வாங்கிச் சாப்பிட்டிருக்க முடியும்? தமிழ்நாட்டில் முத்துலெட்சுமி ரெட்டி பெயரில் இருக்கும் மகப்பேறு உதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் வரை பணமும் பொருளுமாகக் கிடைக்கிறது. மற்ற மாநிலங்களில் அந்த அளவு இருப்பது அபூர்வம்.

சாப்பாட்டை விட்டு உழைப்புக்கு வந்தால்தான் படம் முழுதாகும். 2019-ல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடுவது 299 நிமிஷம், செய்கிற ஆண்கள் 97 நிமிஷம். இதில் ஆண்களில் நாலில் ஒருவர்தான் வீட்டு வேலை செய்கிறார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அஞ்சு மணி நேரம் சம்பளமில்லாமல் உழைத்துவிட்டுக் கூலிக்கும் போகிறவளுக்குத் தேவையான சாப்பாடு அதிகம், கிடைப்பது குறைவு. கூலி வாங்கினாலும் அது அவளுடைய கூலியாகக் கணக்கில் வராத இடங்களும் உண்டு. மகாராஷ்டிரத்தில் பீட் மாவட்டம் என்று இருக்கிறது, வறண்ட பூமி, ஒவ்வொரு வருஷமும் மழைக்காலம் முடிந்ததும் குடும்பம் குடும்பமாகக் கரும்பு வெட்டக் கிளம்புவார்கள். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து ஒரு 'கொய்தா', அதாவது ஒரு அரிவாள். முன்பணம் ஜோடிக்குச் சேர்த்துத்தான், அதைக் கை நீட்டி வாங்குவது புருஷன். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் அபராதம். வெட்டவெளியில் குடிசை, குளிக்க இடம் கிடையாது, மாதவிடாய்க்குத் துணி துவைக்கத் தண்ணீர் கிடையாது, தொற்று, வயிற்றுவலி, டாக்டரிடம் போனால் புற்றுநோய் வந்துவிடும் என்று பயமுறுத்தி கர்ப்பப்பையை எடுத்துவிடச் சொல்பவர்கள். 2019-ல் மாநில அரசு அமைத்த குழு விசாரித்த சுமார் 82,000 பெண்களில் 13,000-க்கும் மேற்பட்டவர்கள் கர்ப்பப்பை எடுத்தவர்கள். பலருக்கு நாற்பது வயசுகூட ஆகவில்லை. அரை அரிவாளாகக் கணக்கில் வருகிற ஒருத்தி, அபராதத்துக்குப் பயந்து தன் உடம்பையே வெட்டிக் கொடுத்திருக்கிறாள்.

அதனால்தான் பணமோ நிலமோ அவள் பெயரில் இருக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம். பீனா அகர்வாலும் பிரதீப் பாண்டாவும் திருவனந்தபுரம் மாவட்டத்தில் செய்த ஆய்வு ஒன்று உண்டு. வீடும் நிலமும் தன் பெயரில் இல்லாத பெண்களில் 49 சதவீதம் பேர் கணவனிடம் அடி வாங்கியவர்கள், இரண்டும் உள்ளவர்களில் 7 சதவீதம். வீடு தன் பேரில் இருந்தால் அவள் வெளியே போக வேண்டியதில்லை, போகச் சொல்ல அவளால் முடியும், அது அவனுக்கும் தெரியும். பெண்ணுக்குச் சொத்தில் சம பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் போட்டது, 2005-ல் நாடு முழுக்க வந்தது. ஆனால் அண்ணன் தம்பி வீட்டு உறவு அறுந்துபோகும் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வரும் பெண்களைத்தான் நான் அதிகம் பார்த்தேன். நூறு நாள் வேலையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி, நாடு முழுக்க வேலைக்கு வந்தவர்களில் பாதிக்கு மேல் பெண்கள்தான். அந்தக் காசு வந்த வாரம் கடையில் கருவாடும் முட்டையும் நகர்வதை எங்கள் ஊர்க் கடைக்காரரே சொல்வார். 2023 செப்டம்பரிலிருந்து வரும் மகளிர் உரிமைத் தொகை ஆயிரமும் அப்படித்தான், ஆயிரத்தில் என்ன ஆகும் என்று கேட்பவர்கள், புருஷனிடம் ஒரு பாக்கெட் நாப்கினுக்குக் கை நீட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். இதற்கு நேர் எதிரானது வாரக் குழுக் கடன். கடன் அவள் பேரில், செலவு குடும்பத்துக்கு, தவணை நாளில் வாசலில் வந்து உட்காருவார்கள், கட்டுவதற்காக அந்த வாரம் அவள் தன் சாப்பாட்டைத்தான் முதலில் குறைப்பாள். பெண்ணின் பெயரில் காகிதம் இருப்பதெல்லாம் பெண்ணுக்கு நல்லது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

விழிப்புணர்வு பற்றிக் கேட்டீர்கள். முருங்கைக்கீரை நல்லது, முட்டை நல்லது, டீயைக் குறைக்க வேண்டும், இதெல்லாம் எங்கள் ஊரில் தெரியாத பெண் கிடையாது. விழிப்புணர்வுக் கூட்டத்துக்கு நாங்கள் கூப்பிட்டதும் அவர்களைத்தான், வாரா வாரம் அதே பெண்களை. நாலு முட்டையில் மூன்று போகும் தட்டுக்காரர்களை ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. என் வேலையில் நான் செய்யாமல் விட்ட பெரிய விஷயம் அது. கடைசி சில வருஷங்களில் கர்ப்பிணிப் பரிசோதனைக்கு வீட்டுக்காரரையும் மாமியாரையும் சேர்த்து வரச் சொன்னேன், ரத்த அளவை அவர்கள் முன்னாலேயே சொன்னேன், இந்த எண் பத்துக்கு வருவதற்கு வீட்டில் என்ன மாற்றப் போகிறீர்கள் என்று அவர்களிடம் கேட்டேன். எல்லா வீட்டிலும் மாறியது என்று சொல்ல மாட்டேன், சில வீடுகளில் ஐந்தாவது முட்டை வந்தது.

அந்த முட்டைக் குழம்பு வீட்டுக்காரி அப்படித்தான் மாமியாரோடு வந்தாள். அவளுக்கு 8.6 இருந்தது. மாமியார் பெஞ்சில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கும்போது தலைசுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். உங்களுக்கும் பார்க்கிறேன் அம்மா, விரலைக் கொடுங்கள் என்றேன். "எனக்கு எதுக்கும்மா, நானென்ன புள்ள பெக்கவா போறேன்" என்று கையை இழுத்துக்கொண்டார். கட்டாயப்படுத்தித்தான் குத்தினேன். 7.2. நாற்பது வருஷத்தில் அவருடைய ரத்தத்தை யாரும் பார்த்ததே இல்லை. என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டதற்கு மருமகளைக் காட்டி, "அவ சாப்புடறதுதான். அப்ப நான் ஒருத்தியா வழிச்சேன், இப்ப ரெண்டு பேரா வழிக்கிறோம்" என்றார். பாதிக்கு மேல் சோகை என்று மேலே எழுதினேனே, அந்த ஆய்வுகூட 49 வயதோடு பெண்களை நிறுத்திவிடுகிறது. அதற்கு மேல் அவர்களுக்கு இருப்பது முதியோர் உதவித்தொகை, அதில் 60 முதல் 79 வயது வரை மத்திய அரசின் பங்கு மாதம் 200 ரூபாய், 2007-லிருந்து அதே 200, மாநிலங்கள் தங்களால் ஆனதைச் சேர்த்துக் கொடுக்கின்றன.

என் பதிவேட்டில் கர்ப்பிணி, பால் கொடுக்கும் தாய், வளரிளம் பெண், குழந்தை என்று கட்டம் கட்டமாக இருந்தது. 58 வயசுக்காரிக்கு ஒரு கட்டமும் இல்லை. ஆரம்ப சுகாதார நிலைய டாக்டருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, மருமகள் பெயருக்குப் பக்கத்தில், கோட்டுக்கு வெளியே, பென்சிலால் மாமியார் பெயரை எழுதி 7.2 என்று போட்டு வைத்தேன்.